கொலுப்படியில் ஒரு வேடர்

உங்கள் வீட்டுக் கொலுவில் எமதர்மராஜன் உண்டா? இருக்க மாட்டான். தசாவதாரம் இருக்கும், கல்யாண கோஷ்டி இருக்கும், அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு செட்டியாரும் செட்டிச்சியும் உட்கார்ந்திருப்பார்கள். எமனை யார் வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு அழைப்பார்கள்?

தருமபுரியில் என் பெரியம்மா அழைத்திருக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவள் வீட்டுக் கொலுவில், நாலாவது படியில், எமன் நிற்கிறான். அவளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த சத்தியவான் சாவித்திரி செட்டில் எமன் மட்டும் ஒரு வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது கை தவறி விழுந்து பொடியாகிவிட்டானாம். எமன் இல்லாவிட்டால் சாவித்திரி யாரிடம் போய் வரம் கேட்பாள்? பெரியம்மா வீடு முழுவதும் தேடியிருக்கிறாள். பிள்ளையின் விளையாட்டுச் சாமான் டப்பாவில் ஓர் ஆள் அகப்பட்டான். உயரம் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. தலையில் சட்டியைக் கவிழ்த்தாற்போல் ஒரு கவசம். முதுகில் கறுப்புப் போர்வை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகமூடி. “இவனைவிட லட்சணமான எமன் எங்கே கிடைப்பான்?” என்று சொல்லி, நெற்றியில் குங்குமப் பொட்டும் இட்டு நிறுத்திவிட்டாள்.

அந்த எமனின் பூர்வாசிரமப் பெயர் டார்த் வேடர். வேடர் என்றதும் கண்ணப்ப நாயனாருக்கு உறவோ என்று நினைத்துவிடாதீர்கள். 1977-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற படத்தின் வில்லன் அவர். உலகத்துச் சினிமா வில்லன்களை வரிசையாக நிற்கச் சொன்னால் முன்வரிசையில் இடம் கேட்கக்கூடியவர். கப்பலில் உத்தியோகம் பார்த்த என் பெரியப்பா, 1979-ல் இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்துக் கடையில் அவரை விலைக்கு வாங்கி, தம் பிள்ளைக்காகத் தருமபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சென்ற வைகாசியில் அந்தப் பிள்ளையின் பிள்ளை எனக்கு டெலிபோன் செய்தான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். என்ஜினீயரிங் கடைசி வருஷம். அவன் தகப்பனார், அதாவது என் தமையன், புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.

“சித்தப்பா, நம்ம வீட்டு எமனை விக்கப் போறோம். நீங்க பத்திரிகைக்காரர். இங்கிலீஷிலே நல்லதா ஒரு விளம்பரம் எழுதித் தரணும்.”

“எமனுக்கு என்னடா விலை?”

“ஒரே ஒரு பொம்மை நாலு கோடி ரூபாய்க்குப் போயிருக்கு சித்தப்பா!”

நாலு கோடி என்று காதில் விழுந்தபிறகு சென்னையில் உட்கார்ந்திருக்க முடியுமா? அன்று இரவே பஸ் ஏறிவிட்டேன். மாம்பழக் காலம் என்பதும் ஒரு காரணம்.

பையன் சொன்னது பொய்யல்ல. 2024-ல் அமெரிக்காவில் ஓர் ஏலத்தில், அதே ‘ஸ்டார் வார்ஸ்’ கூட்டத்தைச் சேர்ந்த போபா ஃபெட் என்ற கூலிப் போக்கிரியின் பொம்மை ஒன்று 5,25,000 டாலருக்கு விலை போயிற்று. நம் கணக்கில் நாலு கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்தப் பொம்மையின் கதையே வேறு. முதுகிலிருந்து சின்ன ராக்கெட் பாய்கிற மாதிரி அதைச் செய்து பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் வேறொரு கம்பெனியின் பொம்மையிலிருந்து பாய்ந்த குட்டி ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோயிற்று. உடனே இவர்கள் பயந்து ராக்கெட் யோசனையையே கைவிட்டார்கள். கடைக்கு வந்த போபா ஃபெட்டுகளில் ராக்கெட் பாயாது. பாய்கிறவை சோதனைக்காகச் செய்த மிகச் சிலதான். ஆக, நாலு கோடி கொடுத்தவர் வாங்கியது, எந்தக் குழந்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாமற்போன ஒரு பொம்மையை. நம் எமனோ கடையில் லட்சக்கணக்கில் விற்ற சாதி.

இந்தப் பொம்மைகளின் வம்சாவளியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்பிள்ளைகள் ‘பொம்மை’ என்று பெயர் சொல்லி விற்றால் வாங்க மாட்டார்கள் என்று 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பயம் வந்தது. ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மையைக் கொண்டுவந்தபோது ‘பொம்மை’ என்ற வார்த்தையையே விலக்கிவிட்டு, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று நாமகரணம் செய்தார்கள். சேலையைத் தாவணி என்றால் துணி மாறிவிடுமா? ஆனாலும் விற்பனை மாறிவிட்டது! அந்தச் சிப்பாய் ஓர் அடி உயரம். ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளைச் செய்த கென்னர் கம்பெனி அதை மூணே முக்கால் அங்குல வரிசையாகச் சுருக்கியது. ஆள் சிறியதானால்தான் அவன் ஏறிப்போகிற ஆகாய விமானத்தையும் பிள்ளைகள் வாங்கும்படியான அளவில் செய்ய முடியும் என்பது கணக்கு.

படம் இப்படி ஓடும் என்று கென்னர்காரர்களே எதிர்பார்க்கவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டை உறைக்குள் ஒரு சீட்டை வைத்து விற்றார்கள். சீட்டைத் தபாலில் அனுப்பினால், அடுத்த வருஷம் நாலு பொம்மைகள் வீடு தேடி வரும்! நம் ஊரில் இப்படி விற்றால் கடைக்காரர் கடையைத் திறந்து வைத்திருக்க முடியாது. அமெரிக்கப் பிள்ளைகள் சமர்த்தாகக் காத்திருந்தார்கள். அந்த நாலில் நம் வேடர் இல்லை. 1978-ல் கடைக்கு வந்த முதல் 12 பொம்மைகளில்தான் அவர் அவதாரம் ஆயிற்று.

இனி மதிப்புப் போடும் விஷயத்துக்கு வருவோம். பரணிலிருந்து தகர டிரங்கை இறக்கினோம். பழைய வேட்டித் துணிச் சுற்றுக்குள்ளிருந்து எமன் வெளிவந்தார். நானும் சும்மா போகவில்லை. இந்த வியாபாரத்தின் சாஸ்திரத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

முதல் கேள்வி அட்டை. இந்தப் பொம்மைகள் ஒரு வர்ண அட்டையில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குமிழுக்குள் ஒட்டி விற்கப்பட்டவை. அட்டையின் பின்புறம் 12 பொம்மைகளின் படம் மட்டும் இருந்தால் அது முதல் தலைமுறை, விலை அதிகம். பிற்பாடு 20, 21 என்று படங்கள் பெருகப் பெருக விலை இறங்கும். குமிழைப் பிரிக்காமல் இருந்தால் ஒரு விலை. பிரித்து வைத்திருந்தால் அதில் ஒரு சிறு பங்கு. இதற்கென்று மேல்நாட்டில் பரீட்சகர்கள் இருக்கிறார்கள். பொம்மையை அனுப்பினால் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதன்பிறகு அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் மார்க் போய்விடும்.

“அட்டை எங்கே அண்ணா?” என்று கேட்டேன்.

“அப்பா கொடுத்த அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்” என்றார் தமையன்.

“பிரிக்காம வெச்சிருந்தா இன்னிக்கு லட்சக்கணக்கிலே போயிருக்கும்பா!” என்று பையன் அங்கலாய்த்தான்.

தமையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பிரிக்காம வெச்சிருந்தா நான் எதை வெச்சுடா விளையாடியிருப்பேன்? உங்க தாத்தா வருஷத்திலே ஒரு மாசம்தான் வீட்டிலே இருப்பார். மத்த பதினோரு மாசமும் இவன்தான்டா என்கூட இருந்தான்.”

இந்தத் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் ஊர். ஔவையார் அவனுக்காகக் காஞ்சிபுரத்துக்குத் தொண்டைமானிடம் தூது போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்; புறநானூற்றில் 95-வது பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். வேல்களெல்லாம் மாலை சூட்டி, நெய் பூசி, பளபளவென்று நிற்கின்றன. ஔவை பார்த்தாள். அதியமானின் வேல்களோ, நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குறைபடுவதுபோல் சொல்லிவிட்டாள். புகழ்ச்சி யாருக்கு, இகழ்ச்சி யாருக்கு என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். இன்றைய பரீட்சகர்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் தொண்டைமானுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும், அதியமானுக்கு முப்பதும் போட்டிருப்பார்கள். இதை நான் பையனிடம் சொன்னேன். “பரீட்சையிலே இது வராது சித்தப்பா” என்றான்.

சரி, அட்டை போய்விட்டது. ஆளைப் பார்ப்போம். காலின் பின்புறத்தில் பூதக்கண்ணாடிக்குத்தான் தெரிகிற எழுத்துக்கள் உண்டு: ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, பக்கத்தில் 1977. ‘ஜெனரல் மில்ஸ்’ கம்பெனியின் விளையாட்டுப் பிரிவு என்பதன் சுருக்கம் அது. கென்னருக்கு அப்போது முதலாளி அந்த மாவு மில் கம்பெனிதான். கோதுமை மாவும் ஆகாய வில்லனும் ஒரே கல்லாவில்! எழுத்து இருந்தது. ஆகவே ஆள் அசல். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குச் சந்தோஷம்.

அடுத்தது போர்வை. வேடரின் போர்வை துணியல்ல; மெழுகுச் சீலை போன்ற வினைல். போலிப் போர்வைகள் ஏராளமாக வந்துவிட்டன. அவை பொதுவாக மெல்லியவை, மினுமினுப்பு அதிகம். பெரியம்மா வீட்டுப் போர்வை தோள்பட்டையில் கொஞ்சம் கிழிந்திருந்தது. கிழிசல் விலையைக் குறைக்கும் என்றாலும், போலிக்கு யார் கிழிசல் போடப் போகிறார்கள்? நிறத்தைப் பொறுத்தவரை கறுப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதே கூட்டத்தின் வெள்ளைச் சிப்பாய்ப் பொம்மைகள் வருஷம் ஆக ஆகப் பழைய பல் மாதிரி மஞ்சளாகிவிடும். கறுப்பருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் நெற்றி! தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே, முகமூடியின் நடுவில், நாற்பது நவராத்திரிக் குங்குமம் ஏறி உட்கார்ந்திருந்தது. மார்பிலுள்ள பொத்தான் பெட்டியின் இடுக்கிலும் சிவப்பு. பரீட்சகர் பாஷையில் இதற்குக் ‘கறை’ என்று பெயர். மார்க் குறையும்.

“கறையாவது! குங்குமத்தைக் கறைன்னு சொல்றவன் வீட்டுக்கு இவனை அனுப்பணுமா?” என்றாள் பெரியம்மா. அவளுக்கு இந்த வியாபாரமே பிடிக்கவில்லை. ஆனால் பேரனின் காலேஜ் பணம் 48,000 ரூபாய் மாசக் கடைசிக்குள் கட்டியாகவேண்டும். அதனால் அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகப் பார்க்கவேண்டியது வாள். இதில்தான் கதையே இருக்கிறது. வேடரின் ஒளிவாள் தனியாக இல்லை. வலது கைக்குள் ஒளிந்திருந்து, தள்ளினால் உள்ளங்கை வழியாக நீளும் சிவப்புப் பிளாஸ்டிக் குச்சி அது. ஆரம்பத்தில் செய்த மிகச் சில பொம்மைகளில் அந்த வாளுக்குள் இன்னொரு மெல்லிய வாள் இருந்து, இரண்டு கட்டமாக நீண்டதாம். செலவு அதிகம், சுலபமாக ஒடியும் என்று அதை விட்டுவிட்டார்கள். அந்த இரட்டை வாள் வேடர் இன்று பல்லாயிரம் டாலர் பெறுவார். ஒற்றை வாள் வேடர்? வாள் முழுசாக இருந்து, அசல் போர்வையும் இருந்தால், அட்டை இல்லாமல் சில ஆயிரம் ரூபாய். வாள் ஒடிந்துவிட்டால் அதில் பாதிகூடத் தேறாது. எத்தனையோ பிள்ளைகள் கையில் பட்டு ஒடிந்தது போக மிச்சமிருப்பது கொஞ்சம் என்பதுதான் காரணம்.

எங்கள் எமனின் வாளைத் தள்ளிப் பார்த்தேன். நன்றாக நீண்டது. நுனி ஊசியாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

எனக்கு ஏதோ உறுத்திற்று. நாற்பது வருஷம் கொலுவில் நின்று, அதற்கு முன்னால் ஒரு துஷ்டப் பயல் கையில் சண்டை போட்ட வாளுக்குக் கீறலே இல்லையா? பெரியம்மாவின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கைக்குள்ளே வாள் ஓடுகிற வாய்க்காலில் குங்குமப்பொடி அடைந்திருந்தது. அதன் வழியாக வருகிற வாள் மட்டும் கழுவிவிட்டாற்போல் இருந்தது. நிறமும் கொஞ்சம் கண்ணாடி போல் வெளிச்சம் காட்டிற்று. சிலர் இப்படிப்பட்ட ஆயுதங்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்களாம். மேல்நாட்டிலேயே அதை முழுக்க நம்புகிறவர்கள் குறைவு. எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. பையனின் முகத்தைப் பார்த்தேன்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா?” என்றான்.

விலை கேட்க வந்த ஒரு தரகர் சொல்லிக்கொடுத்த யோசனை. வாள் ஒடிந்த நிலையில் ஆயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னாராம். கூடவே, 350 ரூபாய்க்குப் புது வாள் கிடைக்கும், மாட்டிவிட்டு ‘அசல், முழுசு’ என்று போட்டால் நாலாயிரத்துக்குக் குறையாது, எல்லாரும் செய்கிறதுதான் என்று உபதேசமும் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் வாங்கி மாட்டிவிட்டான். ‘அசல், முழுசு’ என்பதை நல்ல இங்கிலீஷில் எழுதுவதற்குத்தான் நான்.

நேயர்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் உடனே, “சீ! தப்பு!” என்று எழுந்துவிட்டதாக எழுதினால் உங்களுக்கு என்மேல் மரியாதை கூடும். வாஸ்தவம் அப்படியல்ல. வாங்கப்போகிறவன் எங்கோ இருக்கிற முகம் தெரியாத பணக்காரன். இந்தப் பையனோ என் மடியில் வளர்ந்தவன். வித்தியாசம் இரண்டாயிரம் சொச்சம். இப்படியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. “நாளைக்கு எழுதலாம்” என்று மட்டும் சொன்னேன்.

அன்று பக்கத்துக் கிராமத்தில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் முடிகிற வாரம். தருமபுரிப் பக்கத்தில் இது பெரிய விசேஷம். பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடந்து, கடைசியில் துரியோதனன் படுகளம். “வில்லன் பொம்மைதானே பார்க்க வந்தே? அங்கே போய்ப் பாரு, எவ்வளவு பெரிசா ஒருத்தன் படுத்திருக்கான்னு” என்று பெரியம்மா எங்கள் இருவரையும் விரட்டிவிட்டாள்.

விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். மைதானத்தில் மல்லாந்து கிடந்தான் துரியோதனன். முழுக்க மண். தலையிலிருந்து கால்வரை நான் நடந்து பார்த்தேன். இருபது தப்படிக்கு மேல் ஆயிற்று. முகத்துக்கு வர்ணம் தீட்டி, மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி விழிக்க வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் கையில் ஈர மண்ணோடு கன்னத்தில் விழுந்த வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் அஞ்சு மணி நேரத்திலே உடைக்கப் போறாங்க. வெடிப்பு இருந்தா என்ன தாத்தா?” என்று பையன் கேட்டான்.

“உடைக்கிறவன் முகத்தைப் பார்த்துத்தானே உடைக்கணும் தம்பி? மூஞ்சி சரியில்லேன்னா பீமனுக்குக் கோபம் வராது” என்றார் அவர்.

நான் பார்த்த மதிப்பீடுகளில் இதற்கு நிகராக இன்னொன்று இல்லை. வில்லன் பொம்மை எதற்கு இருக்கிறது? பார்த்தால் கோபமோ பயமோ வரவேண்டும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் வேடரும் தேறிவிடுவார். அதே வரிசையில் வந்த கதாநாயகன் பொம்மைக்கு மஞ்சள் முடியும் ரோஜாக் கன்னமும் இருக்கின்றனவே தவிர, நடித்தவரின் ஜாடை மருந்துக்கும் இல்லை. அந்தக் காலத்துச் சின்னப் பொம்மைகளில் மனித முகத்தைப் பிடிப்பது கஷ்டம். வேடருக்கு முகமே முகமூடிதானே! சினிமாவில் அணிந்ததும் பிளாஸ்டிக் ஜாதிச் சாமான், பொம்மையிலும் பிளாஸ்டிக். ஜாடை தப்பவே முடியாது. பிரையன் முயர் என்ற சிற்பி வடித்த அந்தக் கவசத்தின் கடுகடுப்பு, நாலங்குலத்திலும் அப்படியே இருக்கிறது. என் சிறு வயதில் கொலு அறைக்கு இருட்டில் போக நான் பயந்ததற்கு அவரே சாட்சி.

குறை என்று சொன்னால் சத்தம் இல்லாததுதான். படத்தில் வேடருடைய பயங்கரத்தில் பாதி அவர் மூச்சுவிடுகிற சத்தம். இதிலும் ஒரு வேடிக்கை. உடம்பு, டேவிட் பிரவுஸ் என்ற ஆறரை அடி இங்கிலீஷ் பயில்வானுடையது. குரல், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நடிகருடையது. இரவல் குரல் நம் படங்களுக்கு மட்டும் சொந்தமல்ல! பி.எஸ். வீரப்பாவைப் பொம்மையாகச் செய்தால் அந்தச் சிரிப்புக்கு எங்கே போவது? நம்பியாராவது இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நிற்பார், பொம்மைக்காரருக்குச் சௌகரியம். அப்படி ஒரு நம்பியார் பொம்மையை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் வாங்கிவிடுவேன்.

படுகளத்துக்குத் திரும்புவோம். வெயில் ஏறிற்று. கூத்து வேஷத்தோடு பீமனும் துரியோதனனும் மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அதன்மேலேயே ஏறிச் சண்டை போட்டார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்பாகப் பொங்கியது. திரௌபதி வேஷக்காரர் அதைத் தொட்டுக் கூந்தலை முடிந்துகொண்டார். அவ்வளவுதான், கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி மண்ணை முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டார்கள். வீட்டில் வைத்தால் நல்லது என்று நம்பிக்கை. கால் மணி நேரத்தில் அந்த அழகான மூஞ்சி இருந்த இடம் தெரியவில்லை. கன்னத்து வெடிப்பை அடைத்த பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ் ஊருக்குள் நுழைந்தபோது, “அந்தத் தரகர் சொன்ன மாதிரி எழுத வேண்டாம் சித்தப்பா” என்றான். படுகளம் அவன் மனசை மாற்றியதா, அல்லது கண்டுபிடித்த என்னைப்போல் வாங்குகிறவனும் கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றிற்றா, நான் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நேற்றே நான் சொல்லியிருக்கவேண்டியதை அவன் இன்று சொல்லிவிட்டான் என்பதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அன்று மத்தியானம் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். புது வாளைக் கழற்றிவிட்டோம். கைக்குள்ளிருந்து ஒடிந்த பழைய வாளின் அடித்துண்டு எட்டிப் பார்த்தது. விளம்பரத்தின் சாராம்சம் இது: ‘டார்த் வேடர், அசல். அட்டை இல்லை. வாள் ஒடிந்தது, அடித்துண்டு மட்டும் உண்டு. போர்வை அசல், இடது தோளில் கிழிசல். நெற்றியிலும் மார்பிலும் சிவப்புக் கறை, குங்குமம். நாற்பது வருஷம் எமனாக உத்தியோகம் பார்த்தவர்.’ கடைசி வாக்கியம் தேவையா என்று பையன் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

காலேஜ் பணத்துக்கு எமன் உதவமாட்டார் என்பது அந்த அளவில் தெரிந்துபோயிற்று. தமையன் மண்டியில் முன்பணம் வாங்கினார். நான் கொஞ்சம் போட்டேன். பெரியம்மா எதையோ அடகு வைத்தாள். எதை என்று சொல்லவில்லை. பணம் கட்டியாயிற்று.

விளம்பரத்துக்கு மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர் கறையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போகுமா என்று விசாரித்தார். இன்னொருவருக்கு வாள் இல்லாமல் வேண்டாமாம். மூன்றாமவர் புனாவிலிருந்து 1,900 ரூபாய் தருவதாகவும், கழுவ வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தார். தரகர் விலையைவிட நானூறு அதிகம். பையன் பொட்டலம் கட்டத் துணிந்துவிட்டான். அப்போதுதான் பெரியம்மா குறுக்கே வந்தாள்.

“தாராளமா அனுப்புங்க. ஆனா புரட்டாசி வருது. சாவித்திரி யார்கிட்டே வரம் கேப்பா? முதல்லே ஒரு எமனைக் கொண்டுவந்து நிறுத்திட்டு, அப்புறம் இவனை அனுப்புங்க.”

நியாயமான பேச்சு. சென்னைக்கு வந்ததும் ஒரு பொம்மைக் கடையில் விசாரித்தேன். பண்ருட்டிச் சரக்கு, களிமண், நல்ல வேலைப்பாடு. எமன் இருக்கிறானாம். ஆனால் தனியாகக் கொடுக்க மாட்டார்களாம். சத்தியவான் சாவித்திரியோடு செட்டாகத்தான் வாங்கவேண்டும். விலை 2,400 ரூபாய்.